கார்டு இருந்தா பத்தாது, லிஸ்ட்ல பேர் இருக்கணும்

2024 ஏப்ரல் 19, பார்லிமென்ட் எலெக்‌ஷன் அன்னைக்கு காலைல, வீட்டு வேலைக்குப் போற ஒரு அக்கா பூத்ல இருந்து அழுதுட்டே திரும்பி வந்தாங்க. கைல லேமினேட் பண்ணின வோட்டர் கார்டு, ஓரமெல்லாம் மஞ்சளாயிருக்கு, ஒரு எலெக்‌ஷன் விடாம ஓட்டு போட்டவங்க. ஆனா லிஸ்ட்ல பேர் இல்ல. கூவம் கரைல இருந்த வீட்ட இடிச்சு பெரும்பாக்கத்துக்கு அனுப்பினாங்க, பழைய இடத்துல ஆள் குடி போயிட்டாங்கன்னு பேரை எடுத்துட்டாங்க, புது இடத்துல சேர்க்கணும்னு யாருமே சொல்லல.

அதனால இன்னைக்கே தேர்தல் கமிஷன் ஹெல்ப்லைன் 1950க்கு போன் பண்ணி கார்டு நம்பரைச் சொல்லி பேர் இருக்கான்னு கேளுங்க. பேர் இருந்துட்டா கார்டு தொலைஞ்சிருந்தாலும் ஆதார், போட்டோ ஒட்டின பேங்க் பாஸ்புக் எதையாவது காட்டி ஓட்டு போடலாம். ரேஷன் கார்டு செல்லாது, பூத் சிலிப்ப மட்டும் நீட்டினாலும் விடமாட்டாங்க.

நெறைய பேர் மாட்டிக்கறது ஃபார்ம்லதான். வீடு மாறினவங்களுக்கு பழைய அட்ரஸ்ல பேர் இன்னும் இருந்தா அதை மாத்த ஃபார்ம் 8, அங்க எடுத்துட்டாங்கன்னா புதுசா சேர்க்க ஃபார்ம் 6. ப்ரவுசிங் சென்டர்ல இதெல்லாம் பாக்காம எதையாவது போட்டு விட்டு காசு வாங்கிக்கறாங்க, அப்ளிகேஷனுக்கு அரசாங்கத்துக்கு ஒரு பைசா கட்ட வேண்டாம். பழைய இடத்துல பேர் இருக்கறப்போ ஃபார்ம் 6 போட்டா, வேற எங்கயும் பேர் இல்லன்னு நீங்க பொய்யா கையெழுத்து போட்ட மாதிரி ஆயிடும், அதுக்கு ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு. "பழைய தொகுதிக்கு போய் பேரை எடுத்துட்டு வாங்க"ன்னு ஆஃபீஸ்ல சொன்னா அலையாதீங்க, ஃபார்ம் 8 குடுத்தாலே அத அவங்கதான் மாத்தணும்.

அடுத்த தலைவலி அட்ரஸ் ப்ரூஃப். வாடகை அக்ரிமென்ட் ரிஜிஸ்டர் பண்ணினதா இருந்தாத்தான் எடுத்துக்குவாங்க, நம்ம ஜனங்கள்ல யார்கிட்ட அது இருக்கு? பாஸ்புக், ஆதார், இல்லன்னா குறைஞ்சது ஒரு வருஷத்து கேஸ் பில், கரன்ட் பில் இதுல ஏதாவது ஒண்ணு புது அட்ரஸ்ல இருந்தா போதும். முதல்ல பாஸ்புக்ல அட்ரஸ் மாத்திக்கோங்க. உங்க கணவர் பேர் அதே அட்ரஸ்ல லிஸ்ட்ல ஏற்கனவே இருந்தா அவர் பேர்ல இருக்கற பில்லே செல்லும். பிளாட்ஃபார்ம்ல படுக்கறவங்களுக்கு ப்ரூஃபே வேண்டாம், ராத்திரில பிஎல்ஓ (உங்க பூத்தோட வோட்டர் லிஸ்ட்ட பாத்துக்கற அதிகாரி) வந்து அவங்க அங்கதான் தூங்கறாங்கன்னு பாக்கணும்னு தேர்தல் கமிஷனே சொல்லியிருக்கு.

வீட்டுக்கு செக் பண்ண வர்றதும் பிஎல்ஓதான். நீங்க வேலைக்குப் போயிருக்கற நேரமாப் பாத்து வருவாங்க, பூட்டியிருந்தா ஆள் இல்லன்னு எழுதிட்டுப் போயிடலாம், அந்த அக்கா அப்புறம் திரும்ப அப்ளை பண்ணினப்பவும் அப்படித்தான் ஆச்சு. ஃபார்ம்ல வேலை செய்யற போன் நம்பர் எழுதுங்க, பிஎல்ஓ நம்பர 1950லயே கேட்டு வாங்கி எப்ப இருப்பீங்கன்னு சொல்லிடுங்க, பக்கத்து வீட்லயும் சொல்லி வைங்க. நேர்ல குடுத்தா ஃபார்ம் அடியில இருக்கற ரசீதைக் கிழிச்சு கையெழுத்து வாங்காம வராதீங்க, அது இல்லன்னா அடுத்த தடவை "நீங்க குடுக்கவே இல்லையே"ன்னு சொல்லிடுவாங்க, இன்னொரு நாள் கூலி போச்சு. தள்ளுபடி பண்ணினா ஆர்டர எழுத்துல கேளுங்க, 15 நாளுக்குள்ள கலெக்டர்கிட்ட அப்பீல் போகலாம்.

எலெக்‌ஷன் தேதி அறிவிச்சப்புறம் ஓடாதீங்க, அப்ப ஆஃபீஸ்ல கூட்டம் தாங்காது, நாமினேஷன் முடிஞ்சா பேர் சேர்க்கவும் முடியாது.

ஓட்டுப் பதிவு அன்னைக்கு கடை, கம்பெனி, கட்டட வேலை எதுவானாலும் சம்பளத்தோட லீவு, தினக்கூலிக்கும் உண்டு, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 135பி. மேஸ்திரிகிட்ட முன்னாடி நாளே சொல்லிடுங்க. வேலை முடிஞ்சு லேட்டா வந்தாலும் கடைசி நேரத்துக்குள்ள வரிசைல நின்னுட்டா டோக்கன் குடுப்பாங்க, எவ்வளவு நேரமானாலும் போடலாம், யாராவது கிளம்புன்னு சொன்னா டோக்கனைக் காட்டிட்டு அங்கயே நில்லுங்க.