ஒரு விளக்கை எரியவிட 12 பைட்டுகள்

விளக்கு, மின்விசிறி, கதவுப் பூட்டு என்று வீட்டுச் சாதனங்களைக் கணினி வழியாக இயக்க நினைப்பவர்களுக்கு முதலில் தேவைப்படுவது பெருவிரல் அளவுள்ள ஒரு யுஎஸ்பி டாங்கிள். அதைச் செருகி, ஹோம் அசிஸ்டன்ட் அல்லது ஓபன்ஹேப் போன்ற திறமூல மென்பொருளை நிறுவினால் வேலை முடிந்தது என்பார்கள். பல நேரம் முடிந்தும்விடும். முடியாதபோதுதான் தலைவலி. பழுது எங்கே? மென்பொருளிலா, டாங்கிளிலா, நடுவில் இருக்கும் காற்றிலா? டாங்கிளும் மென்பொருளும் வேலையை எப்படிப் பிரித்துக்கொண்டிருக்கின்றன என்று தெரிந்தால் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும்.

டாங்கிளை வெறும் ஆன்டெனா என்று நினைப்பவர்கள் அதிகம். உண்மையில் அது ஒரு குட்டிக் கணினி. உள்ளே ஒரு செயலி, ஒரு ரேடியோ, மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம் மூன்றும் இருக்கின்றன. வீட்டுச் சாதனங்கள் பேசிக்கொள்ளும் இசட்-வேவ் என்ற ரேடியோ முறையையே எடுத்துக்கொள்வோம். டென்மார்க்கின் சென்சிஸ் நிறுவனம் உருவாக்கிய முறை இது. வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் நெருக்கியடிக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கமே போகாமல் 1 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே பேசும். ஐரோப்பாவில் 868.4 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 908.4, இந்தியாவில் 865.2. ஒரு நாட்டுக்கான டாங்கிள் இன்னொரு நாட்டின் சாதனத்தோடு பேசாததற்கு இதுதான் காரணம். மென்பொருளை எவ்வளவு நோண்டினாலும் இது சரியாகாது.

ஒவ்வொரு டாங்கிளுக்கும் அதன் சாதன வலையை அடையாளம் காட்டும், 4 பைட் நீளமுள்ள ஒரு வீட்டு எண் உண்டு. அந்த வலையில் அது தனக்கு 1 என்ற எண்ணை வைத்துக்கொள்ளும். அப்புறம் சேரும் ஒவ்வொரு சாதனத்துக்கும் 2, 3, 4 என்று எண் கொடுத்துக்கொண்டே போகும். ஒரு வலையில் 232 வரை இடம் உண்டு. யார் யார் வலையில் இருக்கிறார்கள், யாருக்கு யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்ற பட்டியல் முழுவதும் டாங்கிளின் நினைவகத்திலேயே இருக்கிறது. அதனால் கணினியை முழுதாக அழித்துவிட்டு வேறொரு மென்பொருளை நிறுவினாலும் சாதனங்களை மறுபடி இணைக்க வேண்டியதில்லை. போவது ‘மாடி அறை விளக்கு’ என்று நீங்கள் வைத்த பெயர்களும், இருட்டியதும் எரிய வேண்டும் என்பது போன்ற விதிகளும்தான். அவை மென்பொருளின் சொத்து.

சரி, இந்த இரண்டும் எப்படிப் பேசிக்கொள்கின்றன? யுஎஸ்பி என்பது வெளித்தோற்றம் மட்டுமே. கணினிக்கு டாங்கிள் ஒரு பழைய சீரியல் போர்ட்டாகத்தான் தெரிகிறது. ஒரு பைட்டுக்குப் பின் இன்னொரு பைட்டாக, நொடிக்கு 1,15,200 பிட் வேகத்தில் போய்வரும் சாதாரணத் தடம். எண் 5 கொண்ட விளக்கை எரியவிட மென்பொருள் அந்தத் தடத்தில் அனுப்புவது இவ்வளவுதான்:

1, 10, 0, 19, 5, 3, 37, 1, 255, 37, 1, 31

முதல் 1 ‘செய்தி தொடங்குகிறது’ என்கிறது. 10 என்பது நீளம். 0 என்றால் இது ஒரு கோரிக்கை. 19 என்றால் ‘இதைக் காற்றில் அனுப்பு’. 5 விளக்கின் எண். அடுத்து வரும் 3, விளக்குக்குப் போக வேண்டிய பைட்டுகளின் எண்ணிக்கை. அந்த மூன்றும்தான் விஷயமே: 37 என்றால் சுவிட்ச் வகைக் கட்டளை, 1 என்றால் ‘இப்படி வை’, 255 என்றால் ‘எரியட்டும்’. அணைக்க வேண்டுமென்றால் 255 இருக்கும் இடத்தில் 0.

அதன்பின் மறுபடி ஒரு 37 வருகிறது. முதல் 37-க்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. முதல்முறை பார்ப்பவர்களைக் குழப்புவதற்கென்றே அமைந்த தற்செயல். இது 1, 4, 32 ஆகிய மூன்று விருப்பங்களின் கூட்டல். விளக்கிடமிருந்து ஒப்புகை வாங்கு, நேராக எட்டவில்லையென்றால் இன்னொரு சாதனத்தின் வழியாக அனுப்பு, அதுவும் பலிக்கவில்லையென்றால் புதிதாக வழி தேடு என்று பொருள். அடுத்த 1, பதில் வரும்போது அடையாளம் கண்டுகொள்வதற்கான சீட்டு எண். கடைசி 31 சரிபார்ப்பு எண்: 255-இல் தொடங்கி, நீளத்திலிருந்து ஒவ்வொரு பைட்டாக எக்ஸார் (இரண்டு எண்களின் பிட்டுகள் வேறுபடும் இடத்தில் மட்டும் 1 போடும் கணக்கு) செய்துகொண்டே வந்தால் இதுதான் வரும். வழியில் ஒரு பிட் புரண்டிருந்தாலும் கணக்கு உதைக்கும்.

இதற்குப் பதில் ஒன்று மட்டும் வருவதில்லை. மூன்று வரும். தொந்தரவுகளில் பாதி இந்த மூன்றையும் ஒன்றென்று நினைப்பதால்தான் வருகிறது என்பது என் கருத்து.

முதலில் உடனடியாக ஒரே ஒரு பைட் வரும்: 6. ‘செய்தி சிதையாமல் கிடைத்தது’ என்று பொருள். சிதைந்திருந்தால் 21 வரும். இந்த எண்கள் 1960களின் ஆஸ்கி அட்டவணையிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டவை. டெலிபிரின்டர்கள் ஒன்றுக்கொன்று தலையாட்டிக்கொண்ட அதே குறியீடுகள். ஏறத்தாழ ஒன்றரை நொடி காத்திருந்தும் 6 வரவில்லையென்றால் மென்பொருள் மறுபடி அனுப்பும். இரண்டாவது பதில், ‘அனுப்ப ஒப்புக்கொண்டேன், வரிசையில் போட்டுவிட்டேன்’. மூன்றாவது பதில் சற்றுத் தாமதமாக, அந்தச் சீட்டு எண்ணோடு வரும்: ‘விளக்கு வாங்கிக்கொண்டது’ அல்லது ‘பதிலே இல்லை’.

இப்போது பழுதைத் தேடுவது எளிது. மென்பொருள் எழுதிவைக்கும் பதிவேட்டில் (லாக்) முதல் பதிலே இல்லையென்றால் கணினிக்கும் டாங்கிளுக்கும் இடையில் சிக்கல். விளக்கைக் கழற்றிப் பார்ப்பது வீண். முதல் இரண்டும் வந்து மூன்றாவது ‘பதிலே இல்லை’ என்றால் டாங்கிள் நன்றாக இருக்கிறது, காற்றிலோ விளக்கிலோ பிரச்சினை. மூன்றும் நல்லபடியாக வந்தும் திரையில் விளக்கு அணைந்தே தெரிகிறதா? விளக்கு செய்தியை வாங்கிக்கொண்டது என்றுதான் மூன்றாவது பதில் சொன்னது, எரிந்தது என்று சொல்லவில்லை. இப்போதைய நிலை என்ன என்பது தனி அறிக்கையாக வர வேண்டும். சில சாதனங்கள் கேட்டால்தான் அதைச் சொல்லும்.

முதல் பதிலே வராத நிலை, புதிதாக அமைப்பவர்களுக்குத்தான் அதிகம் நேரும். லினக்ஸ் இயங்குதளத்தில் சீரியல் போர்ட்டைத் திறக்க எல்லாப் பயனருக்கும் உரிமை கிடையாது. டெபியன் வழி வந்த லினக்ஸ் வகைகளில் டயல்அவுட் என்ற குழுவில் அந்தப் பயனர் இருக்க வேண்டும். பெயரே டயல்அப் மோடம் காலத்து மிச்சம். இன்னொரு தொந்தரவு மோடம்மேனேஜர் என்ற சேவை. சீரியல் போர்ட்டைக் கண்டால் ‘நீ மோடமா?’ என்று கேட்டுப் பார்க்கும் பழக்கம் அதற்கு உண்டு. அந்த நேரத்தில் நம் மென்பொருளின் உரையாடல் குலைந்துபோகும். வீட்டில் மொபைல் டேட்டா மோடம் இல்லையென்றால் அதை நீக்கிவிடுவதில் நஷ்டமில்லை. அப்புறம், போர்ட்டின் பெயர். கணினி மறுபடி தொடங்கும்போது பெயரின் கடைசியில் நேற்று பூஜ்யமாக இருந்த எண் இன்று ஒன்றாகலாம். டாங்கிளின் சீரியல் எண்ணை வைத்து லினக்ஸ் உருவாக்கும் நீளமான நிலைப்பெயர் ஒன்று உண்டு. மென்பொருளின் அமைப்பில் அதைக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஒரு போர்ட்டில் ஒரு மென்பொருள்தான் பேசலாம். ஓபன்ஹேபையும் ஹோம் அசிஸ்டன்ட்டையும் ஒரே டாங்கிளில் நேரடியாக ஓடவிட்டுப் பார்க்க நினைத்தால் இரண்டும் கெடும்.

இந்த 19-க்கும் 37-க்கும் பொருள் தெரிந்ததே திறமூலக்காரர்களுக்குச் சுலபமாக நடக்கவில்லை. இசட்-வேவின் விவரங்கள் நெடுங்காலம் ரகசியம் காப்பதாக ஒப்பந்தம் போட்டவர்களுக்கு மட்டுமே கிடைத்தன. தடத்தில் ஓடும் பைட்டுகளை வேடிக்கை பார்த்து, எந்தக் கட்டளைக்கு எது நடக்கிறது என்று குறித்து, ஓபன்இசட்வேவ் என்ற நிரல்தொகுப்பைத் தன்னார்வலர்கள் கட்டினார்கள். 2013-இல் தொடங்கிய ஹோம் அசிஸ்டன்ட் ஆரம்பத்தில் இதையே நம்பியிருந்தது; 2010-இல் தொடங்கிய ஓபன்ஹேப் தனக்கென்று ஜாவாவில் தனியாக எழுதிக்கொண்டது. 2016-இல்தான் கட்டளைகளின் விவரக்குறிப்பு பொதுவில் வந்தது. அதன்பின் புதிதாக எழுதப்பட்ட இசட்-வேவ் ஜேஎஸ், 2021 பிப்ரவரி வெளியீட்டில் ஹோம் அசிஸ்டன்ட்டுக்குள் நுழைந்தது.

ஆனால் விவரக்குறிப்பு மட்டும் இருந்தால் போதாது. புதிய சாதனம் ஒன்று சேர்ந்ததும் மென்பொருள் அதை ஒரு நேர்காணல் செய்யும். உன் உற்பத்தியாளர் எண் என்ன, உனக்கு எந்தெந்த வகைக் கட்டளைகள் தெரியும், எந்தப் பதிப்பு என்று வரிசையாகக் கேட்கும். கிடைத்த எண்களைத் தன்னிடமுள்ள சாதனப் பட்டியலோடு ஒப்பிட்டு, இது இன்ன நிறுவனத்தின் இன்ன சென்சார், இதன் 4-ஆம் அமைப்பு உணர்திறனைக் குறிக்கிறது என்று புரிந்துகொள்ளும். இந்தப் பட்டியல் பயனர்கள் கைப்பட எழுதிச் சேர்த்த கோப்புகளால் ஆனது. உங்கள் சாதனம் ‘அறியப்படாதது’ என்று வந்தால் அதற்கான கோப்பை இன்னும் யாரும் எழுதவில்லை என்று அர்த்தம், சாதனம் கெட்டுப்போகவில்லை.

பாட்டரியில் ஓடும் சென்சார்களின் நேர்காணல் பாதியில் நிற்பதற்குக் காரணம் வேறு. அவை பெரும்பாலான நேரம் ரேடியோவை அணைத்துவிட்டுத் தூங்குகின்றன. சில மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து, ‘எனக்கு ஏதாவது உண்டா?’ என்று கேட்டு, உடனே மறுபடி தூங்கும். மென்பொருள் தன் கேள்விகளை அதுவரை வைத்துக் காத்திருக்கும். சென்சாரின் பொத்தானை அழுத்தி எழுப்பினால் மீதிக் கேள்விகள் அப்போதே முடிந்துவிடும். கதவுப் பூட்டு இப்படித் தூங்கினால் கதைக்காகாது என்பதால், அது நொடிக்கு ஒருமுறையோ கால் நொடிக்கு ஒருமுறையோ ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துக்கொள்ளும்.

மூன்றாவது பதிலில் ‘பதிலே இல்லை’ என்று வந்தால் தூரத்தைப் பார்க்க வேண்டும். பாட்டரி இல்லாமல் வீட்டு மின்சாரத்தில் இயங்கும் ஒவ்வொரு சாதனமும் மற்றவர்களின் செய்தியைக் கைமாற்றிவிடும். அதிகபட்சம் 4 கைமாற்றம். ஆகவே தோட்டத்துக் கோடியில் இருக்கும் ஒற்றைச் சென்சாருக்காகப் பெரிய ஆன்டெனா தேடுவதைவிட நடுவில் இப்படிக் கைமாற்றும் ஒரு இசட்-வேவ் பிளக்கை வைப்பது நல்லது. 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசும் ஜிக்பீ என்ற வேறொரு முறையின் டாங்கிள் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எதிரி, பக்கத்திலேயே இருக்கும் யுஎஸ்பி 3.0 போர்ட். அதில் ஓடும் வேகமான தரவு அதே அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பும் என்பதை இன்டெல் 2012-லேயே அளந்து வெளியிட்டது. டாங்கிளை ஒரு நீட்டிப்பு வடத்தில் தள்ளி வைத்தாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

எல்லாம் டாங்கிளில்தான் இருக்கிறது என்று மேலே சொன்னதற்கு ஒரு முக்கியமான விலக்கு உண்டு. பூட்டுகளோடு பேசும் மறைகுறியாக்கச் சாவிகள் டாங்கிளில் இல்லை. மறையாக்கும் வேலையைச் செய்வது மென்பொருள் என்பதால், 16 பைட் நீளமுள்ள அந்தச் சாவிகள் அதன் அமைப்புக் கோப்பில்தான் இருக்கும். பழைய எஸ்0 முறையில், சாதனம் சேரும்போது இந்தச் சாவியையே பூஜ்யங்களால் ஆன ஒரு தற்காலிகச் சாவியால் பூட்டி அனுப்பினார்கள். அந்த நேரத்தில் ஒட்டுக்கேட்பவருக்கு எல்லாம் கிடைத்துவிடும். 2017 ஏப்ரலிலிருந்து இசட்-வேவ் சான்றிதழுக்குக் கட்டாயமான எஸ்2 முறை, சாவியைப் பரிமாறும் விதத்தையே மாற்றி இந்த ஓட்டையை அடைத்தது; சாதனத்தின் மேல் அச்சிட்ட 5 இலக்க எண்ணைக் கேட்பது, சேர்வது அந்தச் சாதனம்தானா என்று உறுதிசெய்யத்தான். எனவே கணினியைப் புதிதாக நிறுவி டாங்கிளைச் செருகினால் மறையாக்கம் இல்லாமல் சேர்த்த விளக்குகள் எரியும், பூட்டு வாய் திறக்காது. அதற்குப் பழைய சாவிகளைக் கொண்டுவந்து போட வேண்டும்.

டாங்கிளின் நினைவகத்தையும் இசட்-வேவ் ஜேஎஸ் படியெடுத்துத் தரும். அந்தக் கோப்பும் சாவிகளும் கையில் இருந்தால், டாங்கிள் எரிந்துபோனாலும் புதியதில் ஏற்றிவிடலாம்; ஒரு சாதனத்தையும் மறுபடி இணைக்க வேண்டாம். பழைய டாங்கிள் இன்னும் உயிரோடு இருக்கும்போது மாற்றினால் அதை உடனே கழற்றிவிட வேண்டும். இல்லையென்றால் ஒரே வீட்டு எண்ணோடு இரண்டு பேர் ‘நான்தான் 1’ என்று பேசுவார்கள், விளக்கு அனுப்பும் ஒப்புகை யாருக்கு என்றே தெரியாது.