பூஸ்டர் வாங்கும் முன் ஏரியலைக் கழற்றிப் பாருங்கள்

ரிப்பேருக்கு வந்ததில் இந்த மாதத்தில் இது மூன்றாவது ரேடியோ செட். கும்பகோணத்துப் பெரியவர் ஒருவர் கொண்டுவந்தார். கூடவே ஆன்லைனில் வாங்கிய, சிக்னலைப் பெரிதாக்கும் சின்ன பூஸ்டர். "மீடியம் வேவ்ல தூத்துக்குடி ஸ்டேஷன், 1053 கிலோஹெர்ட்ஸ், கேக்கணும் தம்பி. இதைப் போட்டும் இரைச்சல்தான் கூடுது. செட்ல என்ன கோளாறுன்னு பாருங்க." பிரித்துப் பார்த்தேன். செட்டில் ஒரு கோளாறும் இல்லை.

ஸ்டேஷன் சரியாக எடுக்கவில்லையா, பூஸ்டர் போடு என்ற நம்பிக்கை, இலங்கை டி.வி.யான ரூபவாஹினி பார்க்க மொட்டைமாடியில் ஆன்டெனா ஏற்றிய நாளிலிருந்து வருகிறது. டி.வி.க்கு அது உதவியது, உண்மைதான். ஆனால் மீடியம் வேவிலும் ஷார்ட் வேவிலும் இரைச்சல் வெளியிலிருந்து ஏரியல் வழியாகவே உள்ளே வருகிறது. பூஸ்டருக்குப் பேச்சு எது, இரைச்சல் எது என்று தெரியாது. பேச்சைப் பத்து மடங்காக்கினால் இரைச்சலையும் பத்து மடங்காக்கும். கலங்கிய கிணற்றில் பெரிய மோட்டார் இறக்கினால் தண்ணீர் தெளியுமா? இதைத்தான் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஸ்டேஷன் இல்லாத இடத்தில் முள்ளை வைத்து, வெளி ஏரியல் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் சட்டென்று இறங்கினால் உங்கள் செட்டுக்குச் சிக்னல் பிடிக்கும் திறன் போதுமான அளவு இருக்கிறது. பூஸ்டருக்குக் கொடுக்கும் காசு வீண்.

அன்று இரவு பெரியவர் வீட்டுக்கே போனேன். ஹாலில் எல்.இ.டி. டியூப்லைட்டை அணைத்ததும் உறுமல் பாதியாகக் குறைந்தது. செல்போன் சார்ஜரைப் பிடுங்கினேன். 1053இல் குரல் மேலே வந்துவிட்டது. பூஸ்டருக்குக் கரண்ட் கொடுத்த அடாப்டரே இன்னொரு இரைச்சல் பெட்டி. செட்டை பேட்டரியில் ஓட்டச் சொன்னேன்.

சென்னைக்காரர்களுக்கு வேறு தொல்லை. பக்கத்திலிருக்கும் சென்னை வானொலி 720இன் பலத்த சிக்னலில் மலிவு பூஸ்டர் திணறி, அதே நிகழ்ச்சியை அதன் இரு மடங்கான 1440இலும் கேட்கவைக்கும். புது ஸ்டேஷன் கிடைத்துவிட்டது என்று எனக்குப் போன் செய்யாதீர்கள்.

சின்ன லூப் (வளைய) ஆன்டெனாவின் மிக மெல்லிய சிக்னலுக்கு ப்ரீ ஆம்ப்ளிஃபயர், அதாவது பூஸ்டர் போன்ற ஒன்று, தேவைப்படலாம். பழைய செட்டில் ஷார்ட் வேவின் 21 மெகாஹெர்ட்ஸ் பக்கமும் உதவும். மற்றவர்கள் முதலில் செட்டைத் திருப்பி வைத்துப் பாருங்கள். உள்ளே மீடியம் வேவ் ஏரியலாக இருக்கும் ஃபெரைட் ராடுக்குத் திசை உண்டு. மீடியம் வேவுக்கு இரண்டடிச் சதுர மரச்சட்டத்தில் பன்னிரண்டு சுற்று ஒயர் சுற்றி, முனைகளில் பழைய செட்டின் 500 பிக்கோஃபாரட் கேங்கை (ஸ்டேஷன் மாற்றத் திருகும் கண்டென்சர்) இணைத்து, ரேடியோவுக்குப் பக்கத்தில் வைத்துத் திருகுங்கள். கரண்டே வேண்டாம். தூரத்து ஸ்டேஷனை இருட்டிய பிறகு தேடுங்கள். பட்டப்பகலில் எந்த பூஸ்டரும் அதைக் கொண்டுவராது.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். ஏரியல் ஒயரை மின்கம்பிக்கு மேலேயோ கீழேயோ இழுக்காதீர்கள். மின்கம்பத்தில் கட்டவே கட்டாதீர்கள். ஐப்பசி மழைக்கு மேகம் கூடும்போதே, இடிச் சத்தத்துக்குக் காத்திராமல், ஒயரைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள்.