ஞானப்பல்லை எடுப்பது முன்னால் இருக்கும் பல்லுக்காகத்தான்

"வலியே இல்லையே டாக்டர், எதுக்கு எடுக்கணும்?" ஞானப்பல்லை எடுக்கச் சொன்னதும் பலரும் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வி. எந்த நோயும் இல்லாமல் எலும்புக்குள் கிடக்கும் பல்லை முன்கூட்டியே எடுக்கத் தேவையில்லை என்று சிகிச்சை நெறிகளை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2000-லேயே வழிகாட்டியது. முன்பற்கள் கோணலாகிவிடும் என்று பயந்து எடுப்பதும் அவசியமில்லை. ஆனால் வலி இல்லை என்பதால் நோயும் இல்லை என்று ஆகிவிடாது.

17 முதல் 25 வயதுக்குள் முளைக்கும் கடைசிப் பல் இது. இடம் போதாவிட்டால் கீழ்த்தாடையில் முன்பக்கம் சாய்ந்து, இரண்டாம் கடைவாய்ப்பல்லின் முதுகில் முட்டி நிற்கும். நடுவில் உண்டாகும் பள்ளத்தில் சோற்றுப் பருக்கை தங்கும், பிரஷ் எட்டாது. சொத்தை விழுவது பெரும்பாலும் முன்னால் உள்ள நல்ல பல்லில், அதுவும் ஈறை ஒட்டி, வேர்ப்பக்கம். கண்ணாடியில் பார்த்தால் தெரியாது. வலி வந்து எக்ஸ்ரே எடுக்கும்போது சொத்தை நரம்பைத் தொட்டிருக்கும். வேர் சிகிச்சை செய்தாலும் அந்த ஆழத்தில் அடைத்தது நிற்பது கடினம். ஞானப்பல் இல்லாமல் நன்றாகவே மெல்லலாம். மெல்லுவதற்கு அந்த இரண்டாம் கடைவாய்ப்பல்தான் வேண்டும்.

பாதி முளைத்த பல்லின் தொல்லை வேறு. அதன்மேல் மூடியிருக்கும் ஈறு மடலுக்கு அடியில் உணவு சேர்ந்து அழுகும். மடல் வீங்கும், மேல்பல் அதையே கடிக்கும், இன்னும் வீங்கும். வாயில் இரண்டு விரல்கூட நுழையாது. மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டால் வீக்கம் வடியும். மடலும் பள்ளமும் அப்படியே இருப்பதால் மறுபடி வரும். காய்ச்சலோடு கழுத்தும் நாக்கின் அடியும் வீங்கி, எச்சிலை விழுங்க முடியாமல் போனால் மூச்சுக்கே ஆபத்து. விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

எடுப்பதற்கு முன் ஓபிஜி படம், அதாவது இரு தாடைகளையும் ஒன்றாகக் காட்டும் எக்ஸ்ரே, கட்டாயம். கீழுதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு வேருக்கு அருகிலேயே ஓடுகிறது. வேரின் குறுக்கே கறுப்புப் பட்டை தெரிந்தாலோ, நரம்புக் கால்வாயின் வெள்ளைக் கோடு அறுந்திருந்தாலோ தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் பார்ப்பது நல்லது. எடுத்தே ஆகவேண்டிய பல்லைத் தள்ளிப்போடாதீர்கள். வயது ஏற ஏற எலும்பு இறுகி, ஆறுவதும் தாமதமாகும். மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போகும் என்பது வீண் பயம். பார்வை நரம்புக்கும் பல்லுக்கும் தொடர்பில்லை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள், எங்களிடம் சொல்லுங்கள்.

எடுத்த பிறகு பஞ்சை அரை மணி முதல் முக்கால் மணி நேரம் அழுத்திக் கடியுங்கள். முதல் நாள் துப்பக்கூடாது, கொப்பளிக்கக்கூடாது, ஸ்ட்ராவில் உறிஞ்சக்கூடாது. 24 மணி நேரம் கழித்து, ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டு மெதுவாகக் கொப்பளிக்கலாம். வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாள் கூடுவது இயல்பு. ஆனால் வலி குறைந்து, மூன்றாம் நாள்போல் காதுவரை தெறிக்க ஆரம்பித்தால் குழியில் இருந்த ரத்தக்கட்டி கரைந்து எலும்பு வெளியே தெரிகிறது என்று அர்த்தம். புகைப்பவர்களுக்கு இது அதிகம். இன்னொரு ஆன்டிபயாடிக் இதற்கு மருந்தாகாது. குழியைக் கழுவி, கிராம்பு எண்ணெய்ச் சத்துள்ள மருந்தை வைத்தால் வலி சீக்கிரமே தணியும்.