ஸ்டைன்பெக்கின் பென்சில் முனை ஏன் உடைந்தது?

1951-ஆம் ஆண்டு. அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் ஒரு பெரிய நாவலை எழுதிக்கொண்டிருந்தார். தினமும் நாவலைத் தொடும் முன், அதே நோட்டின் இடப்பக்கத்தில் தன் பதிப்பாசிரியர் பாஸ்கல் கோவிசிக்கு ஒரு கடிதம் எழுதுவார். கை பழகுவதற்காக எழுதிய கடிதங்கள் அவை. அவற்றில் குடும்பம் வரும், மரவேலை வரும், பென்சில் அடிக்கடி வரும்.

ஒரு நாள் புலம்புகிறார். நேற்று ஒரு மென்மையான பென்சில் காகிதத்தின் மேல் மிதந்து போனது. இன்று காலை அதே வகையை எடுத்தால் முனை உடைந்து உடைந்து விழுகிறது. பல வருடமாகச் சரியான பென்சிலைத் தேடியிருக்கிறேன், கோளாறு என்னிடம்தான் போலிருக்கிறது, இது நான் காகிதத்தைக் குத்துகிற நாள் என்கிறார். அவர் மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் தட்டில் மூன்று வகைப் பென்சில்கள் இருந்தன. கை மென்மையாக ஓடும் நாளுக்கு ஒன்று, கை கனக்கும் நாளுக்கு வேறொன்று.

பென்சிலைப் பற்றி இவ்வளவு துல்லியமான கவனிப்பை வேறு எந்த எழுத்தாளரிடமும் நான் பார்த்ததில்லை. மென்மையான முனை ஏன் வழுக்குகிறது, அதுவே ஏன் உடைகிறது என்ற இரண்டு கேள்விகளும் அதில் இருக்கின்றன.

முதலில் வழுக்குவதைப் பார்ப்போம். பென்சிலுக்குள் இருக்கும் கருப்புக் குச்சியை 'லெட்' என்கிறோம். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு ஈயம் என்று பொருள். அதில் ஈயம் துளியும் இல்லை. 16-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பாரோடேல் பள்ளத்தாக்கில் இந்தக் கருப்புப் பொருள் கட்டிகட்டியாகக் கிடைத்தபோது, அதை ஒரு வகை ஈயம் என்றே நினைத்தார்கள். அது கார்பன்தான் என்று ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் ஷீலே 1779-இல் காட்டினார். பத்து வருடம் கழித்து அதற்கு கிராஃபைட் என்று பெயர் வைத்தார்கள். 'எழுது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது.

கிராஃபைட்டில் கார்பன் அணுக்கள் அறுகோணம் அறுகோணமாகக் கைகோத்து, கோழிக்கூட்டுக் கம்பிவலை போல விரிந்த தாள்களாக இருக்கின்றன. ஒரே தாளுக்குள் பிணைப்பு மிக வலுவானது. ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் இடையே இருப்பதோ பலவீனமான ஈர்ப்பு மட்டும்தான். தாள்களுக்கு இடையே உள்ள தூரம் 0.335 நானோமீட்டர். அதாவது ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்குள் சுமார் 30 லட்சம் தாள்கள். சீட்டுக்கட்டை மேசையில் வைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் சீட்டுகள் சரிவது போல, இந்தத் தாள்களும் சரிகின்றன. இதில் காற்றுக்கும் ஈரப்பதத்துக்கும்கூடப் பங்கு உண்டு. வெற்றிடத்தில் கிராஃபைட் இவ்வளவு சுலபமாக வழுக்காது.

காகிதம் நம் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும், அது நார்கள் பின்னிக் கிடக்கும் கரடுமுரடான பரப்பு. அரம் போல அது முனையைத் தேய்க்கிறது. பெயர்ந்து வரும் கிராஃபைட் செதில்கள் நார்களில் சிக்கிக்கொள்கின்றன. ஒரு பென்சில் கோட்டை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். மேடான நார்களின் மேல் கருப்பு ஏறியிருக்கும், பள்ளங்களில் வெள்ளை அப்படியே இருக்கும். மை போல உள்ளே ஊறாமல் மேலேயே ஒட்டியிருப்பதால்தான் ரப்பரால் அதை எடுக்க முடிகிறது.

சரி, கிராஃபைட்டே இவ்வளவு நன்றாக எழுதும் என்றால் அதை மட்டும் வைத்துப் பென்சில் செய்யலாமே? பாரோடேலில் அப்படித்தான் செய்தார்கள். கட்டியைக் குச்சிகளாக அறுத்து மரத்துக்குள் வைத்தார்கள். ஆனால் அறுக்கும் அளவுக்குத் தூய்மையான கட்டி மற்ற இடங்களில் அரிது. பீரங்கிக் குண்டு வார்க்கும் அச்சுகளின் உட்பூச்சுக்கும் அது பயன்பட்டதால் மதிப்பு ஏறி, சுரங்கத்திலிருந்து திருடுவதைப் பெருங்குற்றமாக்கி 1752-இல் சட்டமே போட்டார்கள். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு பிரிட்டனோடு போர் மூண்டதும் பிரான்சுக்கு அந்தச் சரக்கு வராமல் போனது. நிக்கோலா ஜாக் கோன்டே என்பவர் கிராஃபைட் தூளையும் களிமண்ணையும் தண்ணீர் விட்டுக் குழைத்து, குச்சியாக்கி, சூளையில் சுட்டார். 1795-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்று நம் கையில் இருக்கும் பென்சில் அடிப்படையில் அதுதான். சுட்ட செங்கல்லுக்கும் பென்சில் முனைக்கும் உறவு இருக்கிறது என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். ஆனால் உண்மை அதுதான்.

களிமண் சூளையில் இறுகி எலும்புக்கூடு போல நிற்கிறது. அதன் இடைவெளிகளில் கிராஃபைட் செதில்கள் இருக்கின்றன. களிமண் கூடினால் முனை கடினமாகி, கோடு வெளிறும். அது எச் வகை. கிராஃபைட் கூடினால் முனை மிருதுவாகி, கோடு கருக்கும். அது பி வகை. நடுவில் நிற்கும் எச்பி-யில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கிராஃபைட், கால் பங்கு களிமண். சுட்ட பிறகு மெழுகில் ஊறவைப்பார்கள், இன்னும் வழுக்கட்டும் என்று. ஸ்டைன்பெக்குக்குப் பிடித்த பிளாக்விங் 602 பென்சிலின் மேலேயே 'பாதி அழுத்தம், இரட்டிப்பு வேகம்' என்று அச்சிட்டிருக்கும். விளம்பர வாசகம்தான் என்றாலும் மிருதுவான முனையின் குணத்தைச் சரியாகவே சொல்கிறது. செதில்கள் லேசில் பெயர்வதால் அழுத்தாமலே கருப்பு விழுகிறது.

இந்தக் கலவையோடு மல்லுக்கட்டிய இன்னொரு எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ. காட்டுக் குடிலில் தனித்து வாழ்ந்தவர் என்று அவரைப் பலருக்கும் தெரியும். அவர் குடும்பத் தொழில் பென்சில் செய்வது என்பது அவ்வளவாகத் தெரியாது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கான்கார்ட் ஊரில் அவர் அப்பா ஜான் தோரோவுக்குப் பென்சில் பட்டறை இருந்தது. அந்தக் காலத்து அமெரிக்கப் பென்சில்கள் மோசமானவை. கிராஃபைட் தூளைப் பசையிலும் மெழுகிலும் திமிங்கிலக் கொழுப்பிலும் குழைத்துச் செய்ததால் பிசுபிசுக்கும், நறநறக்கும், கீறும்.

1837-இல் ஹார்வர்டு படிப்பை முடித்து வந்த தோரோ களிமண் கலவைக்கு மாறினார். அதோடு நிற்கவில்லை; அரைக்கும் முறையையும் மாற்றினார். அரவைக்கு மேலே உயரமான ஒரு பெட்டி. காற்றில் மேலேறும் அளவுக்கு நுண்ணியதான தூள் மட்டும் மேலே போய்ச் சேரும், கரடான தூள் திரும்ப அரவைக்குள் விழும். சலிக்க சல்லடையே இல்லாமல் காற்றை வைத்துச் சலித்திருக்கிறார்! தூள் பெருவட்டாக இருந்தால் அந்த மணி காகிதத்தைக் கீறும், விரிசலும் பெரும்பாலும் அதைச் சுற்றித்தான் தொடங்கும். களிமண் அளவை மாற்றி மாற்றி ஒன்று முதல் நான்கு வரை எண்ணிட்ட பென்சில்களை அந்தப் பட்டறை விற்றது. அவருடைய எழுத்துக்குக் கிடைக்கும் பாராட்டில் ஒரு பங்காவது இந்தப் பெட்டிக்கும் கிடைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மிருதுவான முனையை ஓவியர்கள் விரும்புவதில் வியப்பில்லை. வின்சென்ட் வான் கோ 1883-இல் தன் ஓவிய நண்பர் வான் ராப்பார்டுக்கு எழுதிய கடிதத்தில் ஃபேபர் பென்சிலின் தடிமனையும் மென்மையையும் கருப்பையும் மெச்சுகிறார். தச்சர்கள் குறிபோடும் தட்டைப் பென்சிலிலும் நிறைய வரைந்தவர் அவர். ஆனால் கிராஃபைட்டை அழுத்தித் தீட்டினால் ஒரு தொல்லை உண்டு. செதில்கள் ஒரே மட்டமாகப் படிந்து கண்ணாடித் துண்டுகள் போல வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். கருப்பாக இருக்க வேண்டிய இடம் சாம்பல் நிறத்தில் பளபளக்கும். நிலப்படத்தில் கடலைப் பென்சிலால் தீட்டிய யாருக்கும் இது தெரியும். வான் கோ வரைந்த படத்தின் மேல் பால் விட்டார். தண்ணீர் கலந்த பால். அது காய்ந்ததும் பளபளப்பு போய், அடர்ந்த கருப்பு நின்றது. பாலில் உள்ள புரதம் மெல்லிய படலமாகப் படிந்து, ஒளி ஒரே திசையில் தெறிப்பதைக் கெடுத்துவிடுகிறது. தூள் உதிராமல் பிடித்து வைக்கவும் அது உதவியது.

இப்போது ஸ்டைன்பெக்கின் உடைந்த முனைக்கு வருவோம். களிமண் குறைந்தால் எலும்புக்கூடு மெலிகிறது, அதனால் உடைகிறது. ஆனால் எங்கே உடைகிறது என்பதில் ஒரு அழகு இருக்கிறது. டொனால்ட் கிரான்குவிஸ்ட் என்பவர் மேசையைச் சுத்தம் செய்தபோது, உடைந்து கிடந்த முனைகளெல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதைக் கவனித்தார். அதற்குக் கணக்குப் போட்டு 1979-இல் அமெரிக்க இயற்பியல் இதழ் ஒன்றில் கட்டுரை எழுதினார்.

கணக்கு கடினமில்லை. சீவிய முனை ஒரு கூம்பு. எழுதும்போது அதன் நுனியில் பக்கவாட்டில் விசை விழுகிறது. நுனியிலிருந்து மேலே போகப் போக வளைக்கும் விசையின் தாக்கம் கூடுகிறது, நெம்புகோல் நீள்வதால். அதே சமயம் கூம்பும் தடித்துக்கொண்டே போகிறது. தடிமன் கூடினால் தாங்கும் திறன் அதைவிட வேகமாகக் கூடும். இந்த இரண்டும் போட்டி போடுவதில் ஒரே ஓர் இடத்தில் தகைவு, அதாவது குச்சிக்குள் ஏறும் இறுக்கம், உச்சத்துக்குப் போகிறது. நுனியின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு விட்டம் இருக்கும் இடம் அது. விரிசல் அங்கேதான் விழும். எச்பி ஆனாலும் 6பி ஆனாலும் இடம் அதேதான். எவ்வளவு அழுத்தினால் உடையும் என்பதுதான் மாறும்.

அதே கணக்கிலிருந்து இன்னொன்றும் கிடைக்கிறது. அந்த உச்சத் தகைவு நுனி விட்டத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் மாறுகிறது. நுனியின் அகலம் இரண்டு மடங்கானால், உடைக்க நான்கு மடங்கு விசை வேண்டும். பள்ளியில் எங்கள் ஓவிய ஆசிரியர், ஷார்ப்னரிலிருந்து எடுத்த பென்சிலை நேராகப் படத்தில் வைக்க விடமாட்டார். முதலில் ஒரு பழைய தாளில் நாலு கோடு கிறுக்கு, அப்புறம் தொடு என்பார். அன்று அது வெறும் கண்டிப்பாகத் தெரிந்தது. ஊசி போன்ற நுனி அந்த நாலு கோட்டில் மழுங்கும்; அகலம் இரண்டு மடங்கானாலே கூம்புக்கு நான்கு மடங்கு பலம் வந்துவிடும். ஷார்ப்னரிலிருந்து புதிதாக வந்த மென்மையான முனையோடு காகிதத்தைக் குத்துகிற நாளில், ஸ்டைன்பெக்குக்கும் அந்த நாலு கோடு உதவியிருக்கும்.