பாதுகாப்பு ஆய்வு நிதி: ஜேஆர்எஃப் சேருமுன் மாணவர்கள் கேட்க வேண்டியவை

எம்.இ., எம்.எஸ்சி. தேர்வு முடிவுகள் வெளியான கையோடு எங்கள் அலுவலகத்துக்கு ஒரு கேள்வி வரத் தொடங்கிவிடும்: "டிஆர்டிஓ ஃபண்டுக்கு நான் எப்படி விண்ணப்பிப்பது?" டிஆர்டிஓ என்பது மத்திய அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி, மேம்பாட்டு அமைப்பு. நான் ஒரு பல்கலைக்கழகத்தில் வெளிநிதி ஆய்வுத் திட்டங்களின் கோப்புகளைப் பார்த்துக்கொள்பவன். நிதி ஒப்புதல் கடிதம் வந்த நாளிலிருந்து கணக்கை முடித்துக் கோப்பை மூடும் நாள்வரை எல்லாக் காகிதமும் எங்கள் மேசை வழியாகத்தான் போகும். கேட்பவர்களில் பலர் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். வழி சொல்ல வீட்டில் ஆள் இல்லாதவர்கள். அவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

டிஆர்டிஓ வெளியே கொடுக்கும் ஆய்வு நிதிக்கு மாணவர் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. பேராசிரியர் ஆய்வு முன்மொழிவு எழுதுவார், அவருடைய நிறுவனம் அதை அனுப்பும், ஒப்புதல் கிடைத்தால் பணம் நிறுவனத்தின் கணக்குக்கு வரும். அந்தத் திட்டத்தில் ஜூனியர் ரிசர்ச் ஃபெலோ, சுருக்கமாக ஜேஆர்எஃப், என்ற இடத்தில்தான் மாணவர் வந்து சேர்கிறார். ஆக, அந்தப் பணம் திட்டத்தின் பணம். அதற்கென்று ஒரு காலக்கெடு உண்டு, ஒரு சட்டதிட்டம் உண்டு. இது தெரியாமல் சேர்ந்தவர்கள்தான் மூன்றாம் ஆண்டில் கலங்கிப்போய் எங்களிடம் வருகிறார்கள்.

நிதி வரும் வாசல்கள் சில. விமானவியல் சார்ந்த ஆய்வுக்கு 1971இல் அமைக்கப்பட்ட ஏஆர்டிபி என்ற வாரியம், கடற்படை சார்ந்ததற்கு 1996இல் வந்த என்ஆர்பி, ஆயுதத் துறைக்கு ஆர்ம்ரெப், உயிர் அறிவியலுக்கு எல்எஸ்ஆர்பி. இவை போக, கல்வி நிறுவன வளாகங்களிலேயே டிஆர்டிஓ அமைத்திருக்கும் உயர் ஆய்வு மையங்கள் நாடு முழுவதும் 15 இருக்கின்றன. தமிழ்நாட்டில் சென்னை ஐஐடியில் ஒன்றும் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் ஒன்றும் உள்ளன. பாதுகாப்பு ஆய்வு நிதி ஒதுக்கீட்டில் 25 சதவீதத்தைத் தனியார் தொழில் துறை, ஸ்டார்ட்-அப், கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிடுவதாக 2022-23 மத்திய பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கும் பேராசிரியர்கள் கூடியிருக்கிறார்கள் என்பதை என் மேசையிலிருந்தே பார்க்கிறேன்.

"நான் பயோகெமிஸ்ட்ரி, எனக்கும் ராணுவத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆவடியில் அர்ஜுன் பீரங்கி வண்டியை உருவாக்கிய, டிஆர்டிஓவின் சிவிஆர்டிஇ ஆய்வகம் எல்லோருக்கும் தெரியும். மைசூருவில் இருக்கும் டிஆர்டிஓ ஆய்வகம் பனிமலையில் நிற்கும் வீரர் கெடாமல் சாப்பிடக்கூடிய உணவைப் பற்றி ஆராய்கிறது. கொச்சியில் இருக்கும் என்பிஓஎல் கடலுக்கடியில் ஒலியைக் கேட்கும் சோனார் கருவிகளை உருவாக்குகிறது. சோனாருக்குச் சிக்னல் பிராசஸிங் தெரிந்தவரும் வேண்டும், கடலியல் படித்தவரும் வேண்டும், அழுத்தத்தை மின்சாரமாக மாற்றும் பீங்கான் பொருளைச் செய்யத் தெரிந்த வேதியியலாளரும் வேண்டும். ஆயுதத்தோடு தொடர்புள்ள வேலையில் இறங்க மனம் ஒப்பாதவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். திட்டத்தின் தலைப்போடு நின்றுவிடாமல் அதன் நோக்கங்களை முழுதாகப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

உதவித்தொகைக்கு வருவோம். 2023 ஜனவரி முதல் ஜேஆர்எஃப்புக்கு மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு எஸ்ஆர்எஃப், அதாவது சீனியர் ரிசர்ச் ஃபெலோ, ஆனால் 42,000. வீட்டு வாடகைப் படி தனி. நெட், கேட் போன்ற தேசிய அளவிலான தேர்வில் தேறியிருக்க வேண்டும். தேறாதவர்களைப் பெரும்பாலும் ப்ராஜெக்ட் அசோசியேட் போன்ற பெயர்களில், குறைந்த தொகைக்கு எடுப்பார்கள். எஸ்ஆர்எஃப் உயர்வு தானாக வந்துவிடாது. ஒரு குழு உங்கள் வேலையைப் பார்த்துப் பரிந்துரைக்க வேண்டும், திட்ட பட்ஜெட்டில் அதற்கு இடமும் இருக்க வேண்டும்.

நான் அதிகம் கவலைப்படுவது காலக்கணக்கைப் பற்றித்தான். இத்தகைய திட்டங்கள் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்குத்தான் கிடைக்கும். பிஎச்.டி.க்கோ யுஜிசியின் 2022 விதிமுறைப்படி குறைந்தது மூன்று ஆண்டுகள், அதிகபட்சம் ஆறு ஆண்டுகள். பொறியியலில் ஐந்து ஆண்டுகளுக்குள் முடிப்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அதாவது திட்டம் முழுதாக மூன்று ஆண்டுகள் ஓடினால்கூட, கடைசி இரண்டு ஆண்டுகளுக்கு உங்கள் சாப்பாட்டுக்கும் விடுதிக்கும் வேறு வழி பார்க்க வேண்டும். இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. திட்டத்தின் கடிகாரம் நீங்கள் சேர்ந்த நாளிலிருந்து ஓடுவதில்லை. ஒப்புதல் வந்த நாளிலோ, முதல் தவணை கணக்கில் ஏறிய நாளிலோ அது ஓடத் தொடங்கிவிடும். அதன்பிறகுதான் விளம்பரம் கொடுத்து, நேர்காணல் நடத்தி ஆள் எடுப்பார்கள். முதலில் சேர்ந்தவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டால் இரண்டாவது முறை விளம்பரம். "மூன்று ஆண்டுத் திட்டம்" என்று நம்பிச் சேர்ந்த ஒரு மாணவிக்கு, கோப்பைப் பிரித்துப் பார்த்தபோது மிச்சம் இருந்தது பதினாறே மாதம். விளம்பரத்தில் பொய் ஒன்றும் இல்லை, திட்டக் காலம் என்று போட்டிருந்தார்கள். மீதிக் காலம் எவ்வளவு என்று அந்தப் பெண்ணும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

நேர்காணலின் முடிவில் "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்று குழுவில் யாராவது கேட்பார்கள். அப்போது கூச்சப்படாமல் கேளுங்கள்: ஒப்புதல் கடிதத்தின் தேதி என்ன, இன்னும் எத்தனை மாதம் மிச்சம், ஜேஆர்எஃப் சம்பளத்துக்கு எத்தனை மாதத்துக்கான பணம் ஒதுக்கப்பட்டிருக்கிறது, திட்டம் முடிந்த பிறகு நிறுவனத்தின் சொந்த ஃபெலோஷிப்புக்கு மாற முடியுமா. இப்படிக் கேட்டதற்காக ஒருவரை நிராகரித்ததை நான் பார்த்ததில்லை. கேட்கிற பிள்ளை விவரமான பிள்ளை என்றுதான் பேராசிரியர்கள் நினைப்பார்கள்.

"எக்ஸ்டென்ஷன் கிடைத்துவிடும்மா, கவலைப்படாதே" என்று சொல்லப்பட்டால் அதையும் இரண்டாம் முறை விசாரியுங்கள். கால நீட்டிப்பு பெரும்பாலும் கூடுதல் நிதி இல்லாமல்தான் வரும். வேலையை முடிக்க ஆறு மாதம் தருவார்கள், அந்த ஆறு மாதத்துக்குச் சம்பளம் என்று தனியாக எதுவும் வராது. சம்பளத்துக்கென்று ஒதுக்கிய பழைய பணத்தில் மிச்சம் இருந்தால் கிடைக்கும், இல்லையென்றால் கிடைக்காது. இதைக் கேட்டு அதிர்ந்துபோகும் முகங்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

பணம் தவணையாக வருவதால் இன்னொரு சிக்கல். முதல் தவணைக்கான செலவுக் கணக்கும், யூசி என்று நாங்கள் சொல்லும் பயன்பாட்டுச் சான்றிதழும் போனால்தான் அடுத்த தவணை வரும். யூசிக்கு மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளில் 12-ஏ என்று தனிப் படிவமே இருக்கிறது. நிதியாண்டு மார்ச் 31இல் முடியும், தணிக்கை முடிந்து சான்றிதழ் கிளம்பச் சில வாரங்கள் ஆகும், நிதி தந்தவர்கள் சரிபார்க்க இன்னும் சில வாரங்கள். இதனால் ஏப்ரலுக்குப் பிறகு சில மாதங்கள் உதவித்தொகை நின்றுபோவது சகஜம். பணம் பிறகு நிலுவையோடு சேர்த்து வந்துவிடும், ஆனால் விடுதிக் கட்டணம் அதுவரை காத்திருக்காது. சில நிறுவனங்கள் தங்கள் நிதியிலிருந்து முன்பணம் கொடுத்துப் பிறகு ஈடுகட்டிக்கொள்ளும், சிலவற்றில் அந்த வழக்கம் இல்லை. சேருமுன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முடிந்தால் இரண்டு மூன்று மாதச் செலவுக்கான பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கெமிக்கல் வாங்கிய பில், இருப்புப் பதிவேட்டில் ஏற்றிய பக்க எண், கூரியர் ரசீது என்று எல்லாவற்றையும் அன்றன்றே கோப்பில் சேர்த்துவிடுங்கள். எங்கோ தொலைந்த ஒரே ஒரு பில்லுக்காக யூசி வாரக்கணக்கில் நின்றிருக்கிறது, அதோடு சேர்ந்து ஒரு மாணவரின் சம்பளமும் நின்றிருக்கிறது.

அடுத்தது பிரசுரம். பாதுகாப்பு ஆய்வு என்றாலே எதையும் வெளியிட முடியாது என்று பயந்து விலகுகிறவர்கள் உண்டு. அந்தப் பயத்துக்கு அவ்வளவு அடிப்படை இல்லை. பல்கலைக்கழகங்களுக்கு வரும் திட்டங்களில் பெரும்பகுதி அடிப்படை ஆய்வுதான், கட்டுரைகள் வெளிவரத்தான் செய்கின்றன. ஆனால் அனுப்புமுன் நிதி தந்தவர்களின் அனுமதி வேண்டியிருக்கும், அதற்கு நேரம் பிடிக்கும். மாநாட்டுக்குக் கடைசித் தேதி நெருங்கும்போது அனுமதி கேட்டால் கிடைக்காது. உயர் ஆய்வு மையங்களில் ஒரு குறிப்பிட்ட ஆய்வகத்தின் தேவைக்காகவே செய்யும் வேலை என்றால் கட்டுப்பாடு இன்னும் இறுக்கமாக இருக்கலாம். பிஎச்.டி. ஆய்வேடோ பொதுவெளிக்கு வரும் ஆவணம். வைவா என்ற வாய்மொழித் தேர்வு எல்லோர் முன்னிலையிலும் நடக்கும், ஆய்வேடு ஷோத்கங்கா என்ற பொது இணையத் தளத்தில் ஏறும். எனவே எந்தப் பகுதி திறந்தது, எந்தப் பகுதி மூடியது என்று முதல் ஆண்டிலேயே கைடோடு, அதாவது ஆய்வு வழிகாட்டியோடு, உட்கார்ந்து பிரித்துவிட வேண்டும். கவசத்துக்கான இழைக் கலப்புப் பொருளை ஆராய்ந்த ஒரு மாணவரின் வேலையை அவருடைய கைடு மிக அழகாகப் பிரித்துக் கொடுத்தார். இழையும் பிசினும் ஒட்டும் விதம், விரிசல் பரவும் விதம் எல்லாம் ஆய்வேட்டுக்கு. அடுக்குகளின் எண்ணிக்கையும் குண்டு துளைப்புச் சோதனையின் அளவுகளும் திட்ட அறிக்கைக்கு மட்டும். அந்த மாணவர் எந்தத் தடங்கலும் இல்லாமல் பட்டம் வாங்கினார்.

சட்டப் பக்கம் சிலவற்றைத் தெரிந்தே ஆக வேண்டும். காப்புரிமைச் சட்டம் 1970இன் 39ஆம் பிரிவுப்படி இந்தியாவில் வசிப்பவர் முன் அனுமதி பெறாமல் வெளிநாட்டில் நேரடியாகக் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கக் கூடாது. பாதுகாப்போடு தொடர்புள்ளது என்று கருதினால் கண்டுபிடிப்பை ரகசியமாக வைக்கச் சொல்லும் அதிகாரம் 35ஆம் பிரிவில் இருக்கிறது. மாணவர்களுக்குச் சற்றும் தெரியாதது ஸ்காமெட் பட்டியல். ராணுவத்துக்கும் பயன்படக்கூடிய பொருள்கள், மென்பொருள், தொழில்நுட்பம் ஆகியவற்றின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் பட்டியல் அது. 'நான் எதை ஏற்றுமதி செய்யப்போகிறேன்?' என்று தோன்றும். பட்டியலில் உள்ள தொழில்நுட்பத்தின் வரைபடத்தையோ கணினி நிரலையோ வெளிநாட்டில் இருக்கும் சீனியருக்கு மின்னஞ்சலில் அனுப்புவதும் ஏற்றுமதியாகக் கருதப்படலாம். உள்நோக்கம் எதுவும் இல்லாமல், உதவி கேட்பதற்காகத்தான் பிள்ளைகள் அப்படி அனுப்பப் பார்க்கிறார்கள். அனுப்புமுன் கைடிடமோ எங்களைப் போன்ற அலுவலகத்திடமோ ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

பெற்றோர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். டிஆர்டிஓ ஆய்வகத்திலோ அதன் திட்டத்திலோ ஜேஆர்எஃப்பாக இருப்பது அரசு வேலை ஆகாது. அதை வைத்து நிரந்தரப் பணி கோர முடியாது. விஞ்ஞானி 'பி' பதவிக்கு டிஆர்டிஓவின் ஆள்சேர்ப்பு மையமான ஆர்ஏசி தனியாகத் தேர்வு நடத்தி எடுக்கிறது, அதற்கு கேட் மதிப்பெண் பார்ப்பார்கள். "பையனை டிஆர்டிஓவில் ஜேஆர்எஃப்பாகப் போட்டுவிடுகிறேன், பிறகு அப்படியே பர்மனென்ட் ஆகிவிடும்" என்று சொல்லி யாராவது பணம் கேட்டால் அது மோசடி. கொடுத்துவிட்டு வந்து அழுதவர்களைப் பார்த்திருப்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மாணவர் பெயருக்கே நேராக வரும் உதவிகளும் சில இருக்கின்றன. விமானம், விண்வெளி, ராக்கெட், ஏவியானிக்ஸ் சார்ந்த படிப்புகளில் முதலாம் ஆண்டு சேரும் மாணவிகளுக்கு டிஆர்டிஓ கல்வி உதவித்தொகை தருகிறது. மொத்தம் 30 பேருக்கு. இளநிலையில் 20 பேருக்கு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் அல்லது கட்டணம், எது குறைவோ அது, நான்கு ஆண்டுகள்வரை. முதுநிலையில் 10 பேருக்கு மாதம் 15,500 ரூபாய்வரை, இரண்டு ஆண்டுகள். ஜேஇஇ மெயின், கேட் மதிப்பெண்களை வைத்துத் தேர்ந்தெடுப்பார்கள். நம் ஊர்ப் பெண்கள் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. ஏரோநாட்டிக்கல் நடத்தும் கல்லூரிகள் முதல் பருவத்திலேயே அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். பாதுகாப்புத் தொழில்நுட்பத்தில் எம்.டெக். படிப்பைத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇயும் டிஆர்டிஓவும் சேர்ந்து 2021இல் தொடங்கின. போர்த் தொழில்நுட்பம், கடற்படைத் தொழில்நுட்பம், உயர் ஆற்றல் பொருள் உட்பட ஆறு பிரிவுகள் அதில் உண்டு. ஆய்வைப் பொருளாகவே செய்துகாட்ட நினைப்பவர்களுக்கு 2018இல் வந்த, பாதுகாப்புத் துறையில் புதுமை முயற்சிகளுக்கான மத்திய அரசின் ஐடெக்ஸ் திட்டம் இருக்கிறது. அதன் ஸ்பார்க் மானியம் 1.5 கோடி ரூபாய்வரை போகும், நீங்களும் ஈடான பங்கு போட வேண்டியிருக்கும். புதிய யோசனைகளுக்கு டிஆர்டிஓ நடத்தும் 'டேர் டு ட்ரீம்' போட்டியில் தனி ஆளாகவே கலந்துகொள்ளலாம். கல்லூரியில் சேர்ந்து செய்த ப்ராஜெக்ட்டை இவற்றுக்கு அனுப்புவதாக இருந்தால், அறிவுசார் சொத்துரிமையில் கல்லூரியின் பங்கு என்ன, குழுவில் யார் யார் பெயர் வரும் என்பதை அனுப்புவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். பரிசு வந்த பிறகு அந்தப் பேச்சை எடுத்த குழுக்கள் உடைந்துபோனதைப் பார்த்திருக்கிறேன்.