பைண்டிங் – பிணைப்பு

பைண்டிங் என்றதும் நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை கட்டும் கடைதான் பலருக்கு நினைவுக்கு வரும். நிரலாளர்கள் அதே சொல்லை வேறொரு கட்டுக்குச் சொல்கிறார்கள். சி++ போன்ற மொழியில் எழுதிய செயலிக்குள் லுவா, பைத்தான் போன்ற ஸ்கிரிப்ட் மொழியைப் பொதித்துவைத்து, செயலியின் சொந்த வகுப்புகளை (கிளாஸ்: தரவையும் அதைக் கையாளும் செயற்கூறுகளையும் சேர்த்துவைத்த அச்சு) அந்த ஸ்கிரிப்டிலிருந்து அழைக்க வழிசெய்யும் இடைநிரல்தான் பைண்டிங். 'பைண்ட்' பழைய ஆங்கிலத்தின் 'பிண்டன்' என்ற வினையிலிருந்து வந்தது, பொருள், கட்டுதல்.

லுவாவை எடுத்துக்கொள்வோம். ரியோ டி ஜெனிரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் 1993இல் பிறந்த மொழி. போர்த்துக்கீசியத்தில் லுவா என்றால் நிலா. பிற செயலிகளுக்குள் குடியிருக்க ஏற்றபடி சிறியதாக அமைந்தது. ஆனால் சி++ வகுப்பு என்ற ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. வெளியே அது நேரடியாக அழைப்பது ஒரே அமைப்புள்ள சி செயற்கூறுகளை மட்டுமே. ஆகவே ஒரு விளையாட்டில் எதிரியை நகர்த்தும் மெத்தடை, அதாவது வகுப்புக்குள் இருக்கும் செயற்கூறை, ஸ்கிரிப்டுக்குத் தர வேண்டுமென்றால், நடுவில் ஒரு சிறு செயற்கூறு வேண்டும். லுவா அடுக்கில் (இரு மொழிகளும் மதிப்புகளைப் பரிமாறிக்கொள்ளும் ஸ்டாக்கில்) வைத்த மதிப்புகளை எடுத்து, வகை சரிபார்த்து, உண்மையான மெத்தடை அழைத்து, விடைகளை அடுக்கிலேயே வைத்துவிட்டு, எத்தனை விடை என்ற எண்ணை அது திருப்பித் தரும். எதிரி என்ற ஆப்ஜெக்ட் (வகுப்பிலிருந்து உருவான பொருள்) லுவாவுக்குள் 'யூசர்டேட்டா'வாக, அதாவது வெளிநிரலின் தரவைச் சுமக்கும் மதிப்பாக, இருக்கும். அதன் மெத்தட் பெயர்களைத் தேடித் தருவது அதோடு சேர்த்த 'மெட்டாடேபிள்'.

அழைப்பதைவிடக் கடினமானது பொறுப்பு. அந்த ஆப்ஜெக்டை அழிப்பது யார், சி++ஸா, பயன்படாத நினைவகத்தைத் தானே விடுவிக்கும் லுவாவின் குப்பைத் திரட்டியா? சி++ அழித்துவிட்ட பின்னும் ஸ்கிரிப்ட் அதைத் தொட்டால் செயலி நொறுங்கலாம். இருவருமே அழித்தாலும் அதே கதி. நல்ல பைண்டிங் இதை முதலிலேயே தீர்மானித்துவிடும்.

இதனால்தான் பைண்டிங்கை 'இணைப்பு' என்பதை நான் ஏற்பதில்லை. அது லிங்க்குக்கு ஏற்கெனவே வழங்கிவிட்டது. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் குழப்பமே மிஞ்சும். 'பிணைப்பு' பொருந்துகிறது. பிணை என்பதற்குக் கட்டு என்ற பொருளோடு ஜாமீன் என்ற பொருளும் உண்டு: ஒருவருக்காக இன்னொருவர் பொறுப்பேற்பது. வேதியியல் பாடத்தில் எலக்ட்ரான்களை இரு அணுக்கள் பகிர்ந்துகொள்வதைச் சகப்பிணைப்பு என்றுதான் படிக்கிறோம். ஆக, செயல் பிணைத்தல், எழுதும் நிரல் பிணைப்பு நிரல். லுவாவுக்கான சோல்2, பைத்தானுக்கான பைபைண்ட்11 போன்றவை பிணைப்பு நூலகங்கள்.