கேசினோ எரிந்த இரவும் சங்கிலி போட்ட கதவுகளும்

கிடார் கற்றுக்கொள்கிற பிள்ளைகள் முதல் வாரத்திலேயே வாசித்துப் பார்க்கும் மெட்டு, டீப் பர்ப்பிள் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ (தண்ணீர்மேல் புகை). அந்தப் பாட்டில் கற்பனை அநேகமாக இல்லை. ஒரு கட்டடம் எரிந்ததை நேரில் பார்த்தவர்கள் நடந்தது நடந்தபடியே எழுதிய பாட்டு அது. மண்டபங்களிலும் அரங்குகளிலும் தீப் பாதுகாப்பை ஆய்வு செய்வது என் வேலை. ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது நான் அடிக்கடி சொல்லும் சம்பவம் இதுதான்.

சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரையில் இருக்கிறது மோன்த்ரோ. 1971 டிசம்பரில் டீப் பர்ப்பிள் ஆல்பம் பதிவு செய்ய அங்கே போயிருந்தது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் நடமாடும் ஒலிப்பதிவு வண்டியும் வந்திருந்தது. இசை அரங்கும் சேர்ந்த சூதாட்ட விடுதியான ஊரின் கேசினோவைக் குளிர்காலத்துக்கு மூடப்போகிறார்கள், காலி அரங்கில் பதிவு செய்துகொள்ளலாம் என்பது திட்டம். அதற்கு முன் டிசம்பர் 4 அன்று அங்கே அமெரிக்க ராக் இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவின் நிகழ்ச்சி. பாதியில், கூட்டத்தில் இருந்த ஒருவர் ஃப்ளேர் துப்பாக்கியால் மேலே சுட்டார். கூரையின் உட்புறம் பிரம்பு வேய்ந்திருந்தது. தீ அதில் பிடித்து, கட்டடமே போய்விட்டது.

ஃப்ளேர் என்பது கடலில் ஆபத்தில் சிக்கியவர்கள் வானத்தை நோக்கி விடும் தீச்சுடர். எரியத் தேவையான ஆக்சிஜனைத் தரும் வேதிப்பொருள் அதற்குள்ளேயே இருப்பதால், மூடி அணைக்க முடியாது. அதைவிட மோசம், அது போய் விழுந்த இடம். தரையில் பிடிக்கும் தீ கண்ணில் படும், கைக்கு எட்டும். கூரையில் பிடித்தால் எட்டாது. சூடான வாயு மேலே போக வழியில்லாமல் கூரையை ஒட்டியே பக்கவாட்டில் ஓடும், எதிரே இருப்பதையெல்லாம் எரியத் தயாராக்கிவிட்டுப் போகும். அதே நேரம் புகை மேலிருந்து கீழே இறங்கும். அது முகத்தின் உயரத்துக்கு வந்துவிட்டால் கதவு எங்கே என்று தெரியாது. கட்டடத் தீயில் பெரும்பாலும் உயிரை எடுப்பது அந்தப் புகைதான்.

எனக்கு இதில் மிகவும் முக்கியமாகப் படுவது பாட்டில் இல்லாத ஒரு விஷயம். ஸாப்பா தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்: 2,500 முதல் 3,000 பேர் வரை, அரங்கு கொள்ளாத கூட்டம். வெளியே நின்றவர்கள் நுழைந்துவிடக் கூடாது என்று வெளியேறும் கதவுகளுக்குச் சங்கிலி போட்டிருந்தார்களாம். மிச்சம் இருந்தது சிறிய முன்வாசலும், மேடைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கண்ணாடிச் சன்னலும். அவர் பதறாமல் மைக்கில் சொல்ல, கூட்டம் வரிசையாக வெளியேறத் தொடங்கியது. குழுவின் உதவியாளர் ஒருவர் கருவிப் பெட்டியால் கண்ணாடியை உடைத்தார். மோன்த்ரோ ஜாஸ் விழாவை நடத்திய கிளாட் நோப்ஸ் உள்ளே ஓடி ஓடிப் பிள்ளைகளை வெளியே இழுத்து வந்தார். பாட்டில் வரும் ‘ஃபங்கி கிளாட்’ அவர்தான். யாரும் சாகவில்லை.

அப்புறம் நடந்தது இசை ரசிகர்களுக்குத் தெரிந்த கதை. ஏரியின் மேல் புகை படர்ந்ததை டீப் பர்ப்பிள் குழுவினர் பார்த்தார்கள். சில நாள் கழித்து, குழுவில் பேஸ் கிடார் வாசித்த ரோஜர் குளோவர் தூக்கத்திலிருந்து விழிக்கும்போது பாட்டின் தலைப்பு வாயில் வந்தது. மெட்டைப் பெவிலியன் என்ற அரங்கில் பதிவு செய்தார்கள். சத்தம் தாங்காமல் ஊரார் புகார் சொல்ல, போலீஸ் வந்து நிறுத்தியது. மற்ற வேலை காலியாகக் கிடந்த கிராண்ட் ஹோட்டலின் நடைக்கூடத்தில் நடந்தது. 1972இல் ‘மெஷின் ஹெட்’ என்ற அந்த ஆல்பம் வெளிவந்தபோது, தனி இசைத்தட்டாக வரும் முதல் பாட்டாகக்கூட (சிங்கிள்) இதை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை.

மோன்த்ரோவில் மக்களுக்கு நேரம் கிடைத்தது. எல்லா இடத்திலும் அது கிடைப்பதில்லை. 2003 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் ரோட் ஐலண்டில், ஸ்டேஷன் என்ற இரவு விடுதியில், மேடை வாணத்தின் பொறி சுவரில் ஒட்டியிருந்த பாலியூரித்தேன் நுரையில் (மெத்தையில் இருக்கும் ஃபோம் போன்றது) பட்டது. ஏறக்குறைய 90 விநாடிகளில் உள்ளே உயிர் தங்க முடியாத நிலை. மற்ற கதவுகள் இருந்தும் பெரும்பாலானோர் தாங்கள் வந்த முன்வாசலுக்கே ஓடி நெரிந்தார்கள். 100 பேர் இறந்தார்கள். 2013 ஜனவரியில் பிரேசிலின் சாந்தா மரியாவில் கிஸ் விடுதியிலும் மேடை வாணம், கூரை நுரை. அங்கே 242 பேர்.

இன்று ஆய்வுக்குப் போனாலும் பின்கதவில் பூட்டைப் பார்க்கிறேன். கேட்டால், “சார், டிக்கெட் இல்லாதவங்க பூந்துடுவாங்க” என்பார்கள். மோன்த்ரோவிலும் காரணம் அதுவே. துணி சீலிங்குக்குக் கீழே மணமக்கள் வரும் நேரத்தில் பொறிவாணம் வைப்பதும் இப்போது பழக்கமாகிவிட்டது. பார்க்கும்போதே எனக்கு வயிறு கலங்கும்.

உள்ளே நுழைந்து உட்காரும் முன் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்: துணியா, ஓலையா, நுரையா? வந்த வாசலைத் தவிர இன்னொரு கதவு எங்கே என்று பார்த்து, கூட வந்தவர்களுக்கும் காட்டுங்கள். தலைக்கு மேல் தீயைக் கண்டால் செல்போனை எடுக்காமல் உடனே கிளம்புங்கள்.

மண்டபம் நடத்துகிறவர்களுக்கு: வெளியாட்கள் புகாமல் தடுக்கச் சங்கிலி தேவையில்லை. ‘பேனிக் பார்’ பொருத்திய கதவு வெளியிலிருந்து திறக்காது, உள்ளிருந்து உடம்பால் தள்ளினாலே திறந்துவிடும். அதை மாட்டும்வரை, நிகழ்ச்சி நடக்கும் நேரமெல்லாம் ஒவ்வொரு கதவிலும் ஓர் ஆளை நிறுத்துங்கள், கதவு பூட்டாமல் இருக்கட்டும்.